காணாத தாள் எத்தனை? காட்ஸ் கட்டும் நிகழ்தகவும், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

காட்ஸ் கட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இதை வாசித்தால் நல்லது. கண்ணால் மட்டும் ஓட்டிவிட்டுப் போனால் பாதிதான் ஏறும், மிச்சம் தாளைத் தொட்டு, விரித்து, எண்ணும்போதுதான் வரும். இரண்டு வகையான ஆட்களை நினைத்து எழுதுகிறேன். ஒன்று, சாதாரண தரத்துக்கு நிகழ்தகவு படிக்கிற பிள்ளைகள். "நன்கு கலைக்கப்பட்ட 52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து எழுமாறாக" என்று கணக்கு தொடங்கியதுமே அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுகிறவர்கள், ஏனென்றால் அந்தக் கட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதையே யாரும் அவர்களுக்கு விரித்துக் காட்டியிருக்கமாட்டார்கள். மற்றது, கோயில் திருவிழா இரவிலோ செத்த வீட்டு முற்றத்திலோ நாலு பேர் சுற்றி இருந்து 304 என்ற காட்ஸ் ஆட்டம் அடிப்பதைப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, என்ன நடக்கிறதென்று விளங்காமல், கேட்கவும் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கிறவர்கள்.

இரண்டு பேருக்கும் தேவைப்படுவது ஒரே கேள்விதான். நான் காணாத தாள் எத்தனை, அதில் எனக்கு வேண்டியது எத்தனை? கீழே வருவதெல்லாம் இந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பதுதான்.

ஒரு விசயத்தை முன்னுக்கே சொல்லிவிடுகிறேன். காட்ஸ் என்றாலே சூது என்று சொல்லி வீட்டுக்குள் எடுக்க விடாத குடும்பங்கள் மட்டக்களப்பிலும் உண்டு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் உண்டு, அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அப்படியான வீடென்றால் சண்டை பிடிக்க வேண்டாம். பிறிஸ்டல் போட் ஒன்றை வாங்கி ஒரே அளவில் 52 துண்டு வெட்டி, இரண்டு நிறப் பேனையால் எழுதிக்கொள்ளுங்கள், கணக்குக்கு அது தாராளம். காசு வைத்து ஆடுவதைப் பற்றி இங்கே ஒரு வரியும் இல்லை.

கட்டை விரித்துப் பார்ப்பது

புதுப் பெட்டியை உடைத்தால் உள்ளே பெரும்பாலும் 54 தாள் இருக்கும், சில கட்டுகளில் விளம்பரத் தாள் ஒன்றும் சேர்ந்து கிடக்கும். ஜோக்கர் இரண்டையும் விளம்பரத்தையும் எடுத்துப் பெட்டிக்குள்ளேயே திரும்பப் போடுங்கள். மிச்சம் 52. பாயொன்றை விரித்து அதில் நாலு வரிசையாக அடுக்குங்கள், ஒவ்வொரு வரிசையும் ஒரு இனம்.

கறுப்பு இரண்டு, சிவப்பு இரண்டு. கறுப்பில் இஸ்கோப்பன், கிளாவர். சிவப்பில் ஆடுத்தன், டயமன். ஊருக்கு ஊர், வயதுக்கு வயது பெயர் மாறும், பெடியன்கள் ஸ்பேட்ஸ், ஹார்ட்ஸ் என்பார்கள், வினாத்தாளில் வேறு விதமாகவும் அச்சடித்திருக்கலாம். பெயரை விட்டுவிட்டு உருவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இஸ்கோப்பன் காம்பு வைத்த கூர்நுனி, கிளாவர் மூன்று இலை, ஆடுத்தன் இதயம், டயமன் சாய்சதுரம். ஒவ்வொரு வரிசையிலும் ஆஸ், 2 தொடக்கம் 10 வரை, பிறகு ஜக், குயின், கிங். எண்ணிப் பாருங்கள், 13. நாலு பதின்மூன்று 52. சிவப்பு 26, கறுப்பு 26. மேலிருந்து கீழாகப் பார்த்தால் ஒவ்வொரு நிரலிலும் ஒரே எண்ணுடைய தாள் நாலு இருக்கும். இந்த வரிசையும் நிரலும் மனதில் படமாக நின்றால் போதும், பாதிக் கணக்குப் பார்த்த மாதிரிதான்.

படத் தாள் என்றால் ஜக், குயின், கிங் மட்டும். மூன்று நாலு 12. ஆஸில் ஆள் படம் இல்லை, ஆகவே அது சேராது. 16 என்று எழுதிவிட்டுப் புள்ளியைத் தொலைக்கிற இடம் இது. ஆஸ் சில ஆட்டத்தில் ஒன்று, சில ஆட்டத்தில் கிங்குக்கும் மேலே, 304 இல் ஜக்குக்கும் ஒன்பதுக்கும் கீழே ஒரு தனி இடம். நிகழ்தகவுக்கு அதுவெல்லாம் தேவையில்லை, ஆஸ் நாலு இருக்கிறது, அவ்வளவுதான்.

தாளை அடுக்கி வைத்திருக்கிறபடியால் இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பொதுவாகக் கிடைக்கிற ஆங்கிலேய மாதிரிக் கட்டில் ஆடுத்தன் கிங்குக்கு மட்டும் மீசை இல்லை, வாளையும் தன் தலைக்குப் பின்னாலேயே பிடித்திருப்பார். இஸ்கோப்பன் ஜக், ஆடுத்தன் ஜக், டயமன் கிங், இந்த மூவருக்கும் ஒரு கண்தான் தெரியும், பக்கவாட்டில் பார்க்கிறார்கள். இஸ்கோப்பன் ஆஸ் மட்டும் ஏன் இவ்வளவு சோடனையாக இருக்கிறதென்றால், இங்கிலாந்தில் காட்ஸுக்கு வரி இருந்த காலத்தில் வரி கட்டிய அடையாளம் அந்தத் தாளில்தான் பொறிக்கப்பட்டது. அந்த வரி 1960 இல் எடுபட்டுவிட்டது, சோடனை மட்டும் நிற்கிறது. அப்புறம், ஜக்கை 11, குயினை 12, கிங்கை 13 என்று வைத்துக் கூட்டினால் ஒரு வரிசை 91, நாலு வரிசையும் 364, ஒரு ஜோக்கரை ஒன்றாகச் சேர்த்தால் 365. இதை வருசத்தோடு முடிச்சுப் போட்டுப் பெரிய கதை சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, தற்செயலாகத்தான் தெரிகிறது. ஆனால் கட்டு முழுசா என்று பார்க்க இந்த 364 நல்லது. ஒரு தாள் தொலைந்தால் கூட்டுத்தொகையில் குறைகிற எண்ணே எந்த எண்ணுடைய தாள் என்று சொல்லிவிடும், எந்த இனம் என்பதை வரிசையைப் பார்த்துப் பிடிக்கலாம்.

வீட்டில் கிடக்கிற பழைய கட்டு என்றால் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். 51 தாளோடு இருந்துகொண்டு 52 க்குக் கணக்குப் பார்த்து மண்டையை உடைப்பது வீண்வேலை.

ஒரு தாள் எடுத்தால்

எல்லாவற்றையும் அள்ளி, கலைத்து, கவிழ்த்து வையுங்கள். ஒன்றும் தெரியாது, காணாத தாள் 52. ஆஸ் வருமா? வேண்டியது 4, காணாதது 52. 4/52, சுருக்கினால் 1/13, நூற்றுக்கு 7.7 அளவில். சிவப்பு வருமா? 26/52, பாதிக்குப் பாதி. கிளாவர்? 13/52, கால்வாசி. படத் தாள்? 12/52, அதாவது 3/13, நூற்றுக்கு 23. இஸ்கோப்பன் ஆஸ் என்று ஒரேயொரு தாளைக் குறித்துச் சொன்னால் 1/52.

"அல்லது" வரும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். கிங் அல்லது ஆடுத்தன் என்றால் நாலு கிங், பதின்மூன்று ஆடுத்தன், 17 என்று கூட்டத் தோன்றும். பாயில் அடுக்கியதை நினைத்துப் பாருங்கள். கிங் நிரலும் ஆடுத்தன் வரிசையும் ஒரு இடத்தில் வெட்டிக்கொள்கின்றன, ஆடுத்தன் கிங் இரண்டு தரம் எண்ணப்பட்டுவிட்டது. ஒன்றைக் கழித்தால் 16, விடை 16/52, அதாவது 4/13. கிங் அல்லது ஆஸ் என்று கேட்டால் வெட்டு இல்லை, இரண்டும் வேறு வேறு நிரல், 8/52 என்று நேரே கூட்டிவிடலாம்.

இரண்டு தாள், முதலாவதைத் திருப்பி வைத்தீர்களா?

இரண்டு தாள் எடுக்கிற கணக்கில் முதலில் தேட வேண்டியது எடுத்த தாளைத் திருப்பிக் கட்டுக்குள் வைத்துக் கலைத்தார்களா இல்லையா என்பதைத்தான். வைத்துக் கலைத்தால் இரண்டாவது தரமும் காணாதது 52, ஆஸ் 4. இரண்டும் ஆஸாக வர 1/13 × 1/13, அது 1/169. திருப்பி வைக்காவிட்டால், முதலாவது ஆஸ் கையில் இருக்கிறது, அதைக் கண்டுவிட்டீர்கள், இனிக் காணாதது 51, அதில் ஆஸ் 3. ஆகவே 4/52 × 3/51, சுருக்கினால் 1/221. பாடத்தில் வருகிற மரவரிப்படம் இதைத்தான் கிளை கிளையாக வரைகிறது. கிளை ஒவ்வொன்றின் அடியிலும் நின்று "இந்த இடத்தில் நான் காணாதது எத்தனை" என்று கேட்டுக்கொண்டே போனால் கீழ் எண் தானாக வரும், பாடமாக்க ஒன்றும் இல்லை.

இன்னும் சில, கையால் செய்து பார்க்க. எல்லாமே திருப்பி வைக்காமல். இரண்டும் சிவப்பு: 26/52 × 25/51, 25/102, நூற்றுக்கு 24.5. ஒன்று சிவப்பு ஒன்று கறுப்பு: முதலாவது எந்த நிறமாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டாவது மற்ற நிறமாக வர வேண்டும், 26/51, பாதியைவிட ஒரு துளி கூட. இரண்டும் ஒரே இனம்: முதலாவது எதுவோ அதன் இனத்தில் மிச்சம் 12, ஆகவே 12/51, நூற்றுக்கு 23.5. இரண்டும் ஒரே எண்: 3/51, அதாவது 1/17. கடைசி மூன்றிலும் முதல் தாளைப் பற்றிக் கவலைப்படாமல் விட்டதைக் கவனியுங்கள். எந்த இனம், எந்த எண் என்று கணக்கு சொல்லாதபோது முதல் தாள் இலவசம், அதற்கு ஒரு பின்னம் எழுதிக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

கவிழ்ந்து கிடக்கிற தாள்

இந்த இடத்தில் நின்று நிதானமாகப் போவோம், ஏனென்றால் கணக்கு நன்றாகச் செய்கிற பிள்ளையும் 304 இல் பழம் தின்று கொட்டை போட்ட ஆளும் ஒரே மாதிரித் தடுக்கி விழுகிற இடம் இது.

கட்டின் மேல் தாளை எடுத்து, பார்க்காமல், அப்படியே கவிழ்த்து ஒரு பக்கம் வைக்கிறோம். இப்போது அடுத்த தாளை நிமிர்த்தப் போகிறேன். அது ஆஸாக இருக்க நிகழ்தகவு என்ன? ரியூசன் வகுப்பில் கேட்டால் முக்கால்வாசிப் பேர் 4/51 என்பார்கள், ஒரு தாள் போய்விட்டதுதானே என்று. சரி, போய்விட்டது. ஆனால் நீங்கள் அதைக் கண்டீர்களா? 51 என்று சொன்ன அந்த நிமிசமே, நாலு ஆஸும் மிச்சத்துக்குள்தான் இருக்கிறது, கவிழ்ந்து கிடப்பது ஆஸ் இல்லை என்று நீங்களாகவே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். அப்படிச் சொல்ல உங்களிடம் என்ன சாட்சி இருக்கிறது?

இரண்டு பக்கமும் பார்ப்போம். கவிழ்ந்தது ஆஸாக இருந்து அடுத்ததும் ஆஸ்: 4/52 × 3/51. கவிழ்ந்தது ஆஸ் இல்லாமல் அடுத்தது ஆஸ்: 48/52 × 4/51. மேல் எண்கள் 12 உம் 192 உம், கூட்டினால் 204, கீழே 2652. சுருக்குங்கள், 1/13. திரும்ப அதே 4/52. ஒரு தாளை இல்லை, பத்துத் தாளைக் கவிழ்த்து வைத்தாலும், கட்டின் அடியிலிருந்து உருவினாலும், நடுவில் வெட்டி எடுத்தாலும், ஒன்றையும் காணாத வரைக்கும் விடை மாறாது. காணாதது இன்னும் 52 தான், அதில் சில கட்டில் கிடக்கிறது, சில பாயில் கவிழ்ந்து கிடக்கிறது, அவ்வளவு வித்தியாசம்.

இதனால்தான் "எனக்குக் கடைசியாகப் போடுகிறாய், நல்ல தாளெல்லாம் முன்னுக்கே போய்விடுகிறது" என்று புறுபுறுப்பதில் அர்த்தம் இல்லை. கட்டு ஒழுங்காகக் கலைந்திருந்தால் முதல் கைக்கும் கடைசிக் கைக்கும் ஒரே வாய்ப்புத்தான். கட்டை வெட்டுவது போடுகிறவர் மீது நம்பிக்கை வர உதவும், வாய்ப்பைக் கூட்டவும் மாட்டாது குறைக்கவும் மாட்டாது.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. அந்தக் கவிழ்ந்த தாளை உங்கள் பக்கத்தில் இருப்பவர் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டார் என்று வையுங்கள், அது ஒரு ஏழு. இப்போது அவருக்கு அடுத்த தாள் ஆஸாக வர 4/51. உங்களுக்கு இன்னும் 4/52. ஒரே கட்டு, ஒரே தாள், இரண்டு பேருக்கு இரண்டு விடை, இரண்டும் சரி. நிகழ்தகவு தாளுக்குள் ஒட்டியிருக்கிற குணமொன்று இல்லை, யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தது. இது பிடிபட்டால் 304 இல் துரும்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டுகிற இனத்துத் தாளை, கவிழ்த்து வைத்திருக்கிறவருக்கு மற்ற மூன்று பேரைவிட ஏன் பலம் கூட என்பதும் தானாக விளங்கும்.

"குறைந்தது ஒன்று" வந்தால்

நேரே போகாதீர்கள், சுற்றிப் போங்கள். இரண்டு தாளில் குறைந்தது ஒரு ஆஸ் என்றால் முதலாவது மட்டும், இரண்டாவது மட்டும், இரண்டுமே என்று மூன்று கிளை. அதற்குப் பதிலாக ஒன்றுமே வராமல் போவதைக் கணக்குப் பார்த்து 1 இலிருந்து கழியுங்கள். 48/52 × 47/51, கிட்டத்தட்ட 0.851. கழித்தால் 0.149, நூற்றுக்கு 15 அளவில். தாள் கூடக் கூடத்தான் இந்த வழியின் அருமை தெரியும். 304 க்கு வரும்போது இதைத்தான் தூக்கிப் பிடிக்கப் போகிறோம்.

கட்டுக்கு ஞாபகம் இருக்கிறதா?

நாலு தாள் தொடர்ந்து சிவப்பாக வந்துவிட்டது. "இனிக் கறுப்புத்தான், பந்தயம்!" சரியா? எப்படி எடுத்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். ஒவ்வொரு தரமும் திருப்பி வைத்துக் கலைத்திருந்தால் கட்டுக்கு முந்தியது ஒன்றும் ஞாபகம் இல்லை, ஐந்தாவது தாளும் பாதிக்குப் பாதிதான். திருப்பி வைக்காமல் எடுத்திருந்தால் மிச்சம் 48, அதில் கறுப்பு 26, ஆகவே 26/48, நூற்றுக்கு 54. கூடியிருக்கிறது, ஆனால் பந்தயம் கட்டுகிற அளவுக்கு ஒன்றும் கூடவில்லை.

இதையெல்லாம் நம்பாமல் செய்து பார்க்கிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும். கொப்பியில் கோடு போட்டுக்கொண்டு, ஒரு தாள் எடுத்து, குறித்து, திருப்பி வைத்து, கலைத்து, 130 தரம் செய்யுங்கள். ஒரு ஆள் கலைக்க ஒரு ஆள் குறிக்க என்று தம்பி தங்கச்சியோடு இருந்தால் மழைக்கால மத்தியானமொன்று கழிந்துவிடும். கணக்குப்படி ஆஸ் 10 தரம் வர வேண்டும். சரியாக 10 வந்தால் அதுதான் கொஞ்சம் அபூர்வம். 7 இலிருந்து 13 வரைக்கும் எங்கே நின்றாலும் ஒன்றும் பிழையில்லை. 25 வந்தால் மட்டும் கட்டை ஒருக்கால் பாருங்கள், அல்லது கலைக்கிற தம்பியைப் பாருங்கள்.

கலைப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. மேலே சொன்ன ஒவ்வொரு பின்னமும் கட்டு நன்றாகக் கலைந்திருக்கிறது என்ற ஒரே தூணில் நிற்கிறது. இரண்டு பாதியாகப் பிரித்து விரலால் சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று விழ விடுகிற கலைப்பு இருக்கிறதே, அதை ஏழு தரம் செய்தால்தான் 52 தாளும் போதுமான அளவு குழம்பும் என்று டேவ் பேயர், பேர்சி டயகொனிஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1992 இல் காட்டினார்கள். நம்மில் நிறையப் பேர் செய்வது அதுவுமில்லை, கட்டைக் கையில் பிடித்து நாலைந்து கொத்தாக மேலே கீழே மாற்றுவதுதான், அது இன்னும் மெதுவான வழி. எங்கள் கரையோரத்தில் இன்னொரு தொல்லை, கடற்காற்று ஈரத்தில் கடதாசித் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், போன ஆட்டத்தில் சேர்ந்து விழுந்த இரண்டு தாள் இந்த ஆட்டத்திலும் சோடியாகவே வரும். கல்லடிக் கடற்கரையில் போய் இருந்து விளையாட ஆசையென்றால் பிளாஸ்ரிக் பூசிய கட்டு வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால் எல்லாத் தாளையும் பாயில் கவிழ்த்துப் பரப்பி இரண்டு கையாலும் நன்றாகத் துழாவி அள்ளுங்கள், பார்க்க அழகில்லை, ஆனால் கலையும்.

ஒழுங்காகக் கலைந்தால் 52 தாள் வரக்கூடிய வரிசைகள் எத்தனை தெரியுமா? 52 × 51 × 50 என்று 1 வரைக்கும் பெருக்க வேண்டும். வருகிற எண்ணுக்கு 68 இலக்கம். நீங்கள் இப்போது கலைத்து வைத்திருக்கிற வரிசை இதற்கு முன் உலகத்தில் எங்கும் வந்திருக்காது என்று தைரியமாகச் சொல்லலாம்.

304 க்கு வருவோம்

52 தாளையும் எடுத்து ஆடுகிற ஆட்டமில்லை இது. 2 தொடக்கம் 6 வரை எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். ஒரு இனத்தில் மிச்சம் 8: ஜக், 9, ஆஸ், 10, கிங், குயின், 8, 7. பலமும் இதே ஒழுங்குதான், ஜக்தான் பெரியவர். புள்ளிகள் ஜக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் 76, நாலு இனத்துக்கும் 304. ஆட்டத்தின் பெயர் வந்த வழி. நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் சோடி, முதலில் ஆளுக்கு 4 தாள் போட்டு, கேள்வி கேட்டு (இத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் மாதிரிச் சொல்வது), கூடக் கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைத்த பிறகு மற்ற 4 தாளும் வரும். கேள்வி 160 இலிருந்து தொடங்குவது பொதுவான வழக்கு. மற்ற நுணுக்கங்கள் ஊருக்கு ஊர் மாறும், இருக்கிற இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அதே கேள்வி, காணாதது 32. முதல் நாலு தாளில் ஒரு ஜக்காவது வருமா? சுற்றிப் போவோம். ஒன்றும் வராமல் போக 28/32 × 27/31 × 26/30 × 25/29, தொலைபேசியில் தட்டினால் 0.569. ஆகவே குறைந்தது ஒன்று வர 0.431, நூற்றுக்கு 43. ஜக் இல்லாத கை வருவதுதான் கூட நடக்கும், ஒவ்வொரு கைக்கும் முகத்தைச் சுளிக்கத் தேவையில்லை. இரண்டு ஜக் வருவது நூற்றுக்கு 6 அளவில், மூன்று வருவது ஆயிரத்துக்கு 3. நாலு ஜக்கும் ஒரே கையில் என்பது 35,960 இல் ஒன்று, உயர்தரத்தில் சேர்மானம் படித்தவர்கள் 32 இல் 4 என்று போட்டுப் பார்க்கலாம். அப்படியொரு கை வந்ததாகக் கதை சொல்கிற பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

கேள்வி கேட்கத் துணிய ஒரு சின்ன அளவுகோல். 304 ஐ 32 ஆல் பிரித்தால் ஒரு தாளுக்குச் சராசரி 9.5 புள்ளி, ஆகவே முதல் நாலு தாளுக்கு 38. உங்கள் கையில் 38 க்கு மேல் இருந்தால் சராசரியைவிட நல்ல கை. ஒரு சோடியின் பதினாறு தாளுக்குச் சராசரி 152, தொடங்குகிற கேள்வியோ 160, பாதிக்குச் சற்று மேலே. சுமாரான கையோடு 160 கேட்பது அப்படியொன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது, ஆனால் புள்ளி கையில் இருப்பது வேறு, அதைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருவது வேறு. பத்தையும் ஆஸையும் வைத்துக்கொண்டு கூவினால் எதிர்ப்பக்கத்து ஜக்கும் ஒன்பதும் வந்து வாரிக்கொண்டு போய்விடும்.

கேட்கும்போது பெரிய கேள்வி இதுதான்: கிளாவரைத் துரும்பாக வைக்க ஆசை, ஒன்பது இருக்கிறது, ஜக் இல்லை. ஜக் எங்கே? கையில் கண்டது 4, காணாதது 28. அந்த 28 இல் 4 உங்களுக்கே இனி வரப் போகிறது, 8 எதிரே இருக்கிற உங்கள் சோடிக்கு, 16 எதிரிகள் இருவருக்கும். ஆகவே உங்களுக்கே வர 4/28, ஏழில் ஒன்று. சோடியிடம் ஏழில் இரண்டு. எதிரிகளிடம் ஏழில் நாலு. உங்கள் பக்கம் ஏழில் மூன்று, அதாவது நூற்றுக்கு 43. பாதியைவிடக் குறைவு, ஆனால் "ஜக் இல்லாமல் கேட்கவே கூடாது" என்று அடித்துச் சொல்கிற அளவுக்கும் இல்லை. எட்டுத் தாளும் கைக்கு வந்த பிறகும் ஜக் வரவில்லையென்றால் காணாதது 24, ஆளுக்கு எட்டு, சோடியிடம் இருக்க மூன்றில் ஒன்று.

இந்த எண்களெல்லாம் எல்லோரும் வாய் மூடி இருக்கும்போதுதான். சோடி உங்களுக்கு முதலே தெம்பாகக் கேட்டிருந்தால் அவரிடம் ஜக் இருக்க வாய்ப்புக் கூட, இரண்டு எதிரியும் பேசாமல் விட்டிருந்தாலும் அப்படித்தான். கேள்வி என்பதும் ஒரு வகையில் தாளைக் காட்டுவதுதான், காணாததில் கொஞ்சத்தைக் கண்ட மாதிரி. சோடியின் முகத்தைப் பார்த்து "என்ன மச்சான், இருக்கா?" என்று கேட்பது மட்டும் ஆட்டத்தில் சேராது, மேசையை விட்டே எழுப்பிவிடுவார்கள்.

ஆட்டம் ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் விழுகிற நாலு தாளும் நீங்கள் கண்ட தாள். 32 ஐயும் ஞாபகம் வைக்கப் புதியவரால் முடியாது, முயற்சியும் பண்ண வேண்டாம். துரும்பு இனத்து எட்டையும், மற்ற மூன்று ஜக்கையும் மட்டும் பின்தொடருங்கள், பதினொரு தாள். அது பழகியதும் ஒன்பதுகளைச் சேர்க்கலாம்.

ஓமி

அம்பாறைப் பக்கம் வேலைக்கோ படிக்கவோ போனால் சிங்கள நண்பர்கள் ஓமிக்குக் கூப்பிடுவார்கள். அதே 32 தாள், அதே நாலு பேர், ஆனால் பலம் சாதாரண ஒழுங்கு, ஆஸ் மேலே, ஏழு கீழே. முதல் நாலு தாளைப் பார்த்தே ஒருவர் துரும்பு சொல்ல வேண்டும். அந்த நாலில் ஒரே இனத்தில் மூன்றோ நாலோ வருவது நூற்றுக்கு 16 அளவில்தான், ஆறு தரத்துக்கு ஒரு தரம்கூட முழுசாக இல்லை. நூற்றுக்கு 73 தரம் ஆகக் கூடிய இனத்திலும் இரண்டு தாள்தான் இருக்கும், மிச்ச 11 தரம் நாலும் நாலு இனம். ஆகவே நல்ல துரும்புக்காகக் காத்திருக்க வழியில்லை, பெரும்பாலும் இரண்டு தாளை வைத்துத்தான் சொல்லியாக வேண்டும். அந்த இரண்டில் ஒன்று ஆஸாக இருந்தால் சந்தோசம்.

செய்து பார்க்க ஒன்று. எட்டுத் தாளும் கைக்கு வந்துவிட்டது, துரும்பு இனத்தில் உங்களிடம் நாலு. மிச்ச நாலில் ஒன்றுகூடச் சோடியிடம் இல்லாமல் போக நிகழ்தகவு என்ன? காணாதது 24, அதில் சோடிக்கு 8, எதிரிகளுக்கு 16. நாலு துரும்பும் அந்த 16 இடத்துக்குள் விழ வேண்டும்: 16/24 × 15/23 × 14/22 × 13/21. விடை 0.171, நூற்றுக்கு 17. உங்களிடம் ஐந்து துரும்பு இருந்தால் வெளியே மூன்று, கடைசிப் பின்னத்தை விட்டுவிட்டுப் பெருக்குங்கள், 0.277 வரும்.